கும்மிக் குழுவுக்கு எந்த விசா?

வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கம் ஆடக் கூப்பிட்டால், காசு கொடுப்பது யார், மேடை எது என்று முதலில் கேளுங்கள். விமான டிக்கெட் பேச்சு அப்புறம்தான்.

அமெரிக்கா என்றதும் "டூரிஸ்ட் விசாவில் வந்துருங்க" என்பார்கள். காசு வாங்காத அமெச்சூர் கலைஞர் சமூக, அறக்கட்டளை நிகழ்ச்சிகளில் ஆடத்தான் அது செல்லும். கவரில் தரும் அன்பளிப்பும் ஊதியமே. காசு வாங்குவதானால் அந்த டூரிஸ்ட் விசாப் பேச்சை நம்பவே கூடாது.

காசு வாங்கி ஆடப் பார்க்க வேண்டிய விசா வகைகள் மூன்று. ஓ-1 தனிமனிதரின் அசாத்தியத் திறமைக்கு. வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-இல் பத்மஸ்ரீ பெற்ற தேக்கம்பட்டி பத்திரப்பன் போன்ற ஆசானுக்குப் பொருந்தும். போன மாதம் அரங்கேறிய மாணவிக்குப் பொருந்தாது. பி-1பி-க்குக் குழுவுக்கே சர்வதேசப் பெயர் வேண்டும், முக்கால்வாசிப் பேர் ஓராண்டாவது சேர்ந்து ஆடியிருக்க வேண்டும். மஞ்சள் வெட்டு, மில் ஷிப்ட், கல்யாணம் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும் நம் குழுக்களுக்கு இரண்டுமே எட்டாது.

ஆகவே பி-3. பண்பாட்டுத் தனித்தன்மை உள்ள கலைக்கென்றே வைத்த வகை இது; உலகப் புகழ் கேட்பதில்லை. மனுவை அங்குள்ள அமைப்போ ஏஜென்டோதான் போட வேண்டும், ஓராண்டு முன்பே போடலாம். கலையறிந்தவர்களின் கடிதங்கள், பத்திரிகைச் செய்திகள், அங்குள்ள தொழிற்சங்கத்தின் கருத்து எல்லாம் சேர வேண்டும். தமிழ்ச் செய்தியை முழுசாக ஆங்கிலத்தில் பெயர்த்து, பெயர்த்தவர் சான்றளிக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஒரு மனுவில் 25 பேர்தான். ஊர்த் திடலில் நூறு பேரோடு ஆடுபவர்களுக்கு இது கஷ்டமான கணக்கு! 2024 ஏப்ரலில் நிர்ணயித்த மனுக் கட்டணம் 1,015 டாலர், அதோடு கூடுதலாக 600. லாபநோக்கற்ற சங்கம் என்றால் 510 மட்டும், அந்த 600 இல்லை. வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை விழா ஜூலை 4-ஐ ஒட்டி வரும். தைப்பொங்கலுக்கு முன்பே வேலையைத் தொடங்கினால்தான் சென்னைத் துணைத் தூதரக நேர்காணலுக்கும் நேரம் இருக்கும்.

கனடா எளிது. குறுகிய நாள் நிகழ்ச்சிக்கு, மதுக்கூடம் போன்ற இடமில்லை என்றால், வேலை அனுமதி இல்லாமல் பார்வையாளர் விசாவே பெரும்பாலும் போதும். பிரிட்டனில் பார்வையாளர் விசாவிலேயே, வந்திறங்கிய 30 நாளுக்குள், முன்கூட்டி ஒப்புக்கொண்ட ஊதிய நிகழ்ச்சியை முடிக்கலாம். ஆனால் கலைதான் நம் தொழில் என்று காட்ட வேண்டும். பகலில் தறி ஓட்டுகிறவர்கள், உரிமம் பெற்ற ஸ்பான்சர் மூலம் 'கிரியேட்டிவ் ஒர்க்கர்' விசாவுக்குப் போவதே நல்லது.

ஆஸ்திரேலியாவுக்கு 408 என்ற வகை விசா. அங்கே தோல் கட்டிய பம்பை மேளத்தை விமான நிலையப் படிவத்தில் கட்டாயம் எழுதுங்கள், மறைத்தால் அபராதம்.