மருந்தகக் கணக்கில் கொள்முதல் பட்டியலைப் பதிவு செய்யும் முறை

கூட்டுறவு மருந்தகத்தில் அங்கத்தினர் கண்ணுக்குப் புலப்படுவது விற்பனை ஒன்றே. மருந்துச் சீட்டை நீட்டுகிறோம். மாத்திரையும் ரசீதும் பெற்றுத் திரும்புகிறோம். ஆனால் அம்மாத்திரை கடைக்கு வந்து சேர்ந்த நாளில் அதற்குரிய பட்டியல் கணினியில் எவ்வாறு ஏற்றப்பெற்றது என்பதைப் பொறுத்தே சங்கத்தின் இலாபமும், செலுத்தும் வரியும், சில வேளைகளில் நோயாளியின் உயிருமே அமைகின்றன. ஆதலின், பில் என்று வழக்கில் நாம் சொல்லும் கொள்முதல் பட்டியலைப் பதிவு செய்யும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

இது குமாஸ்தாவின் வேலை; நெசவாளருக்கும் விவசாயிக்கும் இதனால் ஆவதென்ன என்று சிலர் கேட்கக்கூடும். 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடெங்கும் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பெற்றன. அவற்றுள் பல கூட்டுறவுச் சங்கங்களால் நடத்தப்பெறுபவை. அவற்றிற்கு முன்னரே பல சங்கங்களும் பண்டகசாலைகளும் மருந்தகம் நடத்தி வந்துள்ளன. கடையின் முதலில் நம் பங்குத்தொகை இருக்கிறது; நஷ்டம் நேர்ந்தால் குறைவது நம் பங்காதாயம். உடைமையாளர் தம் கடையின் கணக்கை அறிந்திருத்தல் முறையேயன்றி மிகையன்று.

1. பட்டியலும் சரக்கும்

முதல் விதி யாதெனில், சரக்கை எண்ணிப் பாராமல் பட்டியலைக் கணினியில் ஏற்றலாகாது. பெட்டியைப் பிரித்து, பட்டியலின் ஒவ்வொரு வரியையும் சரக்கோடு ஒப்பிட வேண்டும். மருந்தின் பெயர், அதன் வீரியம், அட்டைகளின் எண்ணிக்கை, பாட்ச் எண், காலாவதி மாதம், அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை ஆகிய ஆறும் பொருந்த வேண்டும். ஒரே மருந்து 250 மில்லிகிராமிலும் 500 மில்லிகிராமிலும் வருவதுண்டு. பெயரை மட்டும் நோக்குவோர் இங்கேயே தவறுவர். குறைவோ உடைசலோ இருப்பின் பட்டியலிலேயே குறித்துக் கையொப்பமிட்டு, அன்றே மொத்த வியாபாரிக்கு அறிவித்தல் வேண்டும்.

2. பட்டியலின் தலைப்பு

டாலி போன்ற மென்பொருளில் கொள்முதல் பதிவைத் திறந்தவுடன் வியாபாரியின் பெயர், பட்டியல் எண், பட்டியல் தேதி ஆகியவற்றிற்குத் தனித்தனி இடங்கள் உண்டு. நாம் பதிவு செய்யும் தேதி வேறு, வியாபாரி பட்டியல் எழுதிய தேதி வேறு. இரண்டையும் கலத்தல் கூடாது. பட்டியல் எண்ணில் ஓர் எழுத்தோ கோடோ விடாமல் உள்ளது உள்ளபடியே எழுத வேண்டும். எண்ணைச் சுருக்கி எழுதினால் ஒரே பட்டியல் இருமுறை ஏறிவிடும். வியாபாரிக்கு இருமுறை பணம் போய்ச் சேரவும் வழியுண்டாகும்.

வியாபாரியின் ஜி.எஸ்.டி. எண் 15 இலக்கம் கொண்டது. அதன் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டிற்கு 33, கேரளத்திற்கு 32. மதுரை வியாபாரியின் பட்டியலில் மத்திய வரியும் மாநில வரியும் பாதிப் பாதியாக இருக்கும். குமுளிக்கு அப்பாலிருந்து வரும் பட்டியலில் ஒருங்கிணைந்த வரி என ஒரே தொகையாக இருக்கும். எல்லையோரத்தில் கடை நடத்தும் கம்பம் பள்ளத்தாக்குச் சங்கங்கள் இவ்வேற்றுமையை நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

3. பாட்ச் எண்ணும் காலாவதியும்

பட்டியலின் மொத்தத் தொகையை மட்டும் ஏற்றிவிட்டு வேலை முடிந்ததெனக் கருதும் வழக்கம் சில கடைகளில் உண்டு. பணக்கணக்கு அதனால் பிசகாது. சரக்குக் கணக்கோ குருடாகிவிடும். போடி ஏல மையத்தில் ஏலக்காய் ஒவ்வொரு லாட்டாகத் தனி எண்ணிட்டே விலை கூறப்படுகிறது. சக்கம்பட்டி நெசவாளர், ஒரே நிறமாயினும் இருவேறு சாயத் தொட்டியில் நனைந்த நூலை ஒரே சேலையில் கலக்கமாட்டார். மருந்திற்கு அத்தகைய அடையாளமே பாட்ச் எண்.

இதன் அவசியத்தை 2025 அக்டோபரில் நாடு முழுவதும் கண்டது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்னும் இருமல் மருந்தின் எஸ்.ஆர். 13 என்ற பாட்சில் டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப் பொருள் 48.6 சதவிகிதம் இருந்ததைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆய்வில் கண்டது. மத்தியப் பிரதேசத்தில் அம்மருந்தை உண்ட குழந்தைகள் பலர் சிறுநீரகம் பழுதுற்று மாண்டனர். அம்மருந்தின் விற்பனை நிறுத்தப்பெற்றது. இத்தகைய அறிவிப்பு வரும் நாளில், பாட்ச் வாரியாகப் பதிவு செய்த கடை சில நிமிடங்களில் மூன்று கேள்விகளுக்கு விடை காணும்: அந்தப் பாட்ச் நம் கடைக்கு வந்ததா? எத்தனை விற்றது? எத்தனை எஞ்சியுள்ளது? விற்பனையும் பாட்ச் வாரியாக இருந்து, ரசீதில் பெயரும் இருப்பின், வாங்கிச் சென்றவருக்குச் சொல்லியனுப்பவும் இயலும். மொத்தத் தொகையை மட்டும் எழுதிய கடை அலமாரியைத் துழாவிக்கொண்டிருக்கும்; விற்றுப்போனதைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது.

காலாவதியைப் பொறுத்தவரை, அட்டையில் ஏப்ரல் 2027 என்றிருந்தால் அம்மாதக் கடைசி நாள் வரை என்பது பொருள். ஆகவே கணினியில் 30-4-2027 என எழுதுக. 1-4-2027 என எழுதினால் ஒரு மாத விற்பனைக் காலம் வீணாகும். ஒரே மருந்தில் முன்பு காலாவதியாகும் பாட்சையே முன்பு விற்கவும், மூன்று மாதத்தில் காலாவதியாகும் சரக்கை மாதந்தோறும் பட்டியலிட்டு எடுக்கவும் இப்பதிவே துணை செய்யும்.

4. இலவச அட்டைகள்

மருந்து வியாபாரத்தில் பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்பது போன்ற சலுகைகள் மிகுதி. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு மாத்திரை 100 அட்டை, அட்டை ஒன்றுக்கு ரூ.20, உடன் 10 அட்டை இலவசம், வியாபாரத் தள்ளுபடி 5 சதவிகிதம், வரி 5 சதவிகிதம்.

சரக்கின் விலை ரூ.2,000
தள்ளுபடி ரூ.100
வரிக்குரிய தொகை ரூ.1,900
மத்திய வரி ரூ.47.50
மாநில வரி ரூ.47.50
பட்டியல் மொத்தம் ரூ.1,995

இங்கு விலைக்கு வாங்கியது 100. கடைக்கு வந்ததோ 110. டாலியில் வந்த அளவையும் பட்டியலிட்ட அளவையும் தனித்தனியே எழுதும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்துதல் வேண்டும். அவ்வாறு எழுதினால் அட்டையின் அடக்கவிலை ரூ.17.27 என வரும். இலவசத்தை விட்டுவிட்டால் ரூ.19 எனக் காட்டும். அடக்கவிலை தவறினால் அங்கத்தினருக்கு எவ்வளவு தள்ளுபடி தரலாம் என்ற முடிவும் தவறும். அதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. கணக்கில் இல்லாத 10 அட்டைகள் ரசீதின்றி விற்கப்பெற்றால் அப்பணம் சங்கத்தைச் சேராது. இருப்புச் சோதனையிலும் அது வெளிப்படாது. கணக்கில் ஏறாத சரக்கு காணாமற்போனாலும் குறைவு தெரிவதில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

5. வரி

வரி விகிதத்தைக் கணினி காட்டும்படி விட்டுவிடாமல், பட்டியலோடு ஒப்பிடுதல் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளின் வரி 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. உயிர்காக்கும் மருந்துகள் சிலவற்றிற்கு வரியே நீங்கியது. அதற்கு முந்திய தேதியிட்ட பட்டியலைப் பின்னர் ஏற்றினாலும், பட்டியலில் உள்ள 12 சதவிகிதமே எழுதத்தக்கது. கணினியின் மொத்தமும் பட்டியலின் மொத்தமும் சில்லறைக் காசு வரை ஒத்தாலன்றிப் பதிவை முடித்தலாகாது.

வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற சங்கம், கொள்முதலில் கொடுத்த வரியைத் தான் விற்பனையில் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆயின் அதற்கு நிபந்தனைகள் உண்டு. பட்டியல் கையில் இருக்க வேண்டும். சரக்கு வந்திருக்க வேண்டும். அப்பட்டியலை வியாபாரியும் அரசுக்குத் தெரிவித்து, அது நமது ஜி.எஸ்.டி.ஆர். 2பி என்னும் அறிக்கையில் தோன்ற வேண்டும். மாதந்தோறும் 14ஆம் தேதி உருவாகும் அவ்வறிக்கையை நமது கொள்முதல் பதிவேட்டோடு வரிவரியாக ஒப்பிடுக. தோன்றாத பட்டியலுக்கு வியாபாரியை உடனே கேட்க வேண்டும். பட்டியல் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் வியாபாரிக்குப் பணம் செலுத்தாவிடின், கழித்த வரியை வட்டியுடன் திரும்பச் செலுத்த நேரும்.

6. பேரேட்டில் நிகழ்வது

பாவும் ஊடையும் சேர்ந்தே துணியாவது போல, பற்றும் வரவும் சேர்ந்தே கணக்காகிறது. மேலே கண்ட பட்டியலில் கொள்முதல் கணக்கிற்குப் பற்று ரூ.1,900, மத்திய வரிக்கு ரூ.47.50, மாநில வரிக்கு ரூ.47.50, வியாபாரியின் கணக்கிற்கு வரவு ரூ.1,995. பணம் செலுத்தும்போது வியாபாரியின் கணக்கில் பற்று எழுதி, எந்தப் பட்டியலுக்கு என்பதையும் குறித்தல் வேண்டும். "கணக்கில் கொடுத்தது" என்று பொதுவாக எழுதினால் எந்தப் பட்டியல் தீர்ந்தது, எது நிலுவை என்பது ஆண்டு முடிவில் ஒருவருக்கும் விளங்காது.

காலாவதியான சரக்கைத் திருப்பி அனுப்பும்போதும் பாட்ச் எண்ணையும் மூலப்பட்டியலின் எண்ணையும் காட்ட வேண்டும். வியாபாரி தரும் வரவுக் குறிப்பு வந்து சேரும் வரை அத்தொகையைத் தனியே நிலுவையாகக் கவனித்து வருதல் நலம். அனுப்பிய சரக்கிற்குக் குறிப்பு வராமற்போவதே பல கடைகளில் ஓசையின்றி நிகழும் நஷ்டம். பதிவில் பிழை நேர்ந்தால் அழித்துவிடாமல், காரணம் எழுதித் திருத்தப் பதிவு செய்க.

2022ஆம் ஆண்டு மத்திய அரசு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. கணினி கூட்டலில் தவறாது. ஆயின் அட்டையை எண்ணுவதும், பாட்சைப் படிப்பதும் மனிதர் கையிலேயே இருக்கின்றன. சரக்கு வந்த நாளிலேயே, வரிவரியாக, பாட்ச் எண்ணோடு பதிவு செய்தல் என்ற ஒன்றைக் கடைப்பிடிப்பின் ஏனையவை அதனைப் பின்பற்றி வரும்.

சங்கக் கூட்டங்களில் விவாதித்தற்குரிய வினாக்கள்

1. நம் மருந்தகத்தில் பட்டியல்கள் சரக்கு வந்த நாளிலேயே ஏறுகின்றனவா? ஏறாதவை எத்தனை நாள் தேங்குகின்றன?

2. ஒரு பாட்ச் எண்ணைச் சொன்னால், அதில் வந்தது, விற்றது, இருப்பது ஆகிய மூன்றையும் கடையில் உடனே காட்ட முடியுமா?

3. சென்ற மாத ஜி.எஸ்.டி.ஆர். 2பியில் தோன்றாத பட்டியல்கள் எவை? அவற்றின் வரித்தொகை எவ்வளவு?

4. திருப்பி அனுப்பிய சரக்கிற்கு வரவேண்டிய வரவுக் குறிப்புகள் யாவை?

இவ்வினாக்களைப் பொதுப்பேரவையில் எழுப்புதல் எவர்மீதும் ஐயங்கொள்வது ஆகாது. கேட்கும் அங்கத்தினர் இருக்குமிடத்தில் கணக்கு எழுதுபவரும் ஊக்கத்தோடு எழுதுவர், சங்கமும் வளரும்.