விளக்குக்கு விளக்கு மாறும் சாம்பல் நிறம்

கோலாப்பூரில் தொடங்கப்பெற்ற பிரபாத் திரைப்பட நிறுவனம் 1933-ஆம் ஆண்டில் புனே நகருக்கு இடம் பெயர்ந்தது. 'சந்த் துகாராம்' (1936) முதலிய படங்கள் அங்கு உருவாயின. அந்நகரிலேயே 1964-ஆம் ஆண்டில் இந்தியத் தேசியத் திரைப்படக் காப்பகம் நிறுவப்பெற்றது. படச்சுருள்களோடு நிழற்படங்களையும் சுவரொட்டிகளையும் அது சேகரித்துக் காத்து வருகிறது. பிரபாத் காலத்துக் கறுப்பு-வெள்ளை நிழற்படங்கள் வெள்ளி உப்புப் பூசிய தாளில் பதிந்தவை. அவற்றைப் போன்ற மூலப்படங்களிலிருந்து கண்காட்சிக்கும் கல்விக்கும் இக்காலத்தில் எடுக்கப்படும் படிகள் பெரும்பாலும் இங்க்ஜெட் அச்சுப்பொறியில் உருவாகின்றன.

இப்படிகளிற் சில ஒரு விந்தையைக் காட்டுகின்றன. சன்னலருகே பசுமை கலந்து தோன்றும் படம், இழை விளக்கின் கீழ்ச் செம்மை கலந்து தோன்றுகிறது. மூலப்படமோ இரண்டிடத்தும் சாம்பல் நிறமாகவே உள்ளது. காரணம் அறியாதவர், மூலமே அத்தகைய சாயல் உடையது என்று பதிவேட்டில் எழுதிவிடலாம். அன்றி, நல்ல படியைப் பழுதானது என்று ஒதுக்கிவிடலாம். ஆகவே இதன் காரணத்தை அறிதல் அவசியமாகும்.

வெள்ளொளி பல அலைநீளங்களின் கலவையாகும். மூலப்படத்திலுள்ள நுண்ணிய வெள்ளித் துகள்கள் கண்ணுக்குப் புலனாகும் எல்லா அலைநீளங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் உட்கவர்கின்றன. படத்தின் ஒரு பகுதி, தன்மீது விழும் ஒளியில் நூற்றுக்கு இருபது பங்கைத் திருப்புகிறது எனக் கொள்வோம். நீலத்திலும் இருபது, பச்சையிலும் இருபது, சிவப்பிலும் இருபது பங்கே திரும்பும். எனவே அப்பகுதியின் சாயல் எப்போதும் விளக்கொளியின் சாயலே. கண் அவ்விளக்கொளிக்குப் பழகி, தாளை வெண்மையாகக் காணும்போது, இப்பகுதியையும் சாயலற்ற சாம்பலாகவே காண்கிறது.

வண்ண மைகளால் அமையும் சாம்பல் இவ்வாறன்று. நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள் ஆகிய மூன்று மைகளின் நுண்துளிகள் கலந்து அதனை ஆக்குகின்றன. ஒவ்வொரு மையும் நிறமாலையின் ஒரு பகுதியை மிகுதியாக உட்கவர்கிறது. ஆதலின் திரும்பும் ஒளியின் அளவு அலைநீளத்திற்கேற்ப மேடும் பள்ளமுமாக இருக்கும். ஒரு குறிப்பிட்ட ஒளியில் இம்மேடு பள்ளங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் கண் அதனைச் சாம்பல் என உணர்கிறது. விளக்கு மாறியதும் அவ்வீடு குலைகிறது.

விளக்குகளின் இயல்பும் வேறு வேறாகும். இழை விளக்கில் சிவப்பு மிகுதி, நீலம் குறைவு. குழல் விளக்கில் பாதரசத்தின் 436, 546 நானோமீட்டர் வரிகள் ஓங்கி நிற்கின்றன. வெண்ணிற எல்.இ.டி. விளக்குகளிற் பெரும்பாலானவற்றில் 450 நானோமீட்டரை ஒட்டி ஒரு நீல உச்சி உண்டு. மேடு எங்கே ஓங்கிய வரியைச் சந்திக்கிறதோ, அந்நிறம் மிகுந்து தெரியும்.

ஒரு விளக்கின் கீழ் ஒத்தும் மற்றொன்றின் கீழ் வேறுபட்டும் தோன்றும் இரு பொருள்களின் உறவினை மெட்டாமெரிசம் என்பர். தனிப்படம் ஒன்றின் சாயல் விளக்கிற்கேற்ப மாறுவதை நிற நிலையின்மை எனலே பொருத்தம். வழக்கில் இரண்டும் ஒரே பெயரால் வழங்குகின்றன.

இதற்குரிய பரிகாரம், சாம்பலை வண்ண மைகளால் ஆக்காமல் கரித்தூள் கலந்த கறுப்பு, இளங்கறுப்பு மைகளால் ஆக்குவதே. கரியும் வெள்ளியைப் போன்று எல்லா அலைநீளங்களையும் பெரும்பாலும் சமமாக உட்கவர்வது. 2005-ஆம் ஆண்டில் மூன்று தரக் கறுப்பு மைகளைக் கொண்ட அச்சுப்பொறிகள் விற்பனைக்கு வந்தபின் இக்குறை பெரிதும் தணிந்தது. கணிப்பொறியில் நிறத்தைத் திருத்துவது மட்டும் போதாது. அத்திருத்தம் பெரும்பாலும் 5,000 கெல்வின் அளவுள்ள ஒரு நியம ஒளிக்கே கணக்கிடப்படுவது.

களப் பணியாளரும் ஆசிரியரும் பின்வரும் சோதனையைச் செய்து பார்க்கலாம். அச்சிட்ட அதே தாளின் வெற்றிடத்தில் மென்மையான பென்சிலால் ஒரு சிறு கட்டத்தை நிரப்புக. பென்சிற் கரி ஏறத்தாழச் சாயலற்றது. பின்னர்ப் படத்தைச் சன்னலருகிலும், குழல் விளக்கின் கீழும், இழை விளக்கின் கீழும் வைத்துக் கட்டத்துடன் ஒப்பிடுக. கட்டம் மாறாமல் படம் மட்டும் சாயல் மாறினால், குறை மையின் கலவையில் உள்ளது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது உறுதியாகும். பழைய ஒளிக்கு மீண்டதும் பழைய சாயல் மீளுமாயின், அது நிறம் மங்கியதன் விளைவன்று.

படத்தின் நிறத்தைப் பதிவேட்டில் குறிக்கும்போது, எவ்விளக்கின் கீழ்க் காணப்பட்டது என்பதையும் உடன் குறித்தல் வேண்டும். அச்சொல் இல்லாத நிறக்குறிப்பு பாதி உண்மையே ஆகும்.