5070, 4090க்குச் சமமா?

கேள்வி: ஜவுளி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ராத்திரியில் இரண்டு மணி நேரம் கேம் விளையாடுவதுதான் எனக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கு. ரைசன் 5 5600, 16 ஜிபி ராம், 650 வாட் பவர் சப்ளை, ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கார்டு வைத்திருக்கிறேன். 1440பி, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியதிலிருந்து கார்டு திணறுகிறது. சைபர்பங்க் 2077, இந்தியானா ஜோன்ஸ் மாதிரி கதையுள்ள கேம்கள்தான் அதிகம் விளையாடுவேன். ஆர்டிஎக்ஸ் 5070 பற்றி விசாரித்தால், "பழைய 4090க்குச் சமம் சார்" என்கிறார் கடைக்காரர். நண்பரோ ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி வாங்கச் சொல்கிறார். அது எட்டாயிரம் ரூபாய் கூடுதல். விமர்சன வீடியோக்களில் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். ஒரு கார்டை எப்படி எடைபோடுவது? வாங்கினால் ஐந்து வருடத்துக்கு மாற்ற மாட்டேன்.
- வாசகர், ஈரோடு

பதில்: கடைக்காரர் சொன்னது அவராகக் கற்பனை செய்தது இல்லை. 2025 ஜனவரியில், லாஸ் வேகாஸில் நடந்த சிஇஎஸ் கண்காட்சி மேடையில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங்கே சொன்னதுதான்: 4090இன் வேகம், 549 டாலர் விலையில். ஆனால் அந்த இரண்டு கார்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 4090இல் 16,384 கூடா கோர்கள், 24 ஜிபி மெமரி. 5070இல் 6,144 கோர்கள், 12 ஜிபி மெமரி. இந்த இரண்டும் சமமாக வழியே இல்லை.

பிறகு எதை வைத்துச் சொன்னார்கள்? டிஎல்எஸ்எஸ் 4இல் வந்த மல்டி ஃப்ரேம் ஜெனரேஷனை வைத்து. கார்டு உண்மையில் வரைவது ஒரு ஃப்ரேம். அதற்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் நடுவில் மூன்று ஃப்ரேம்கள் வரை ஊகித்து நிரப்புகிறது. நிஜமாக 30 ஃப்ரேம் ஓடும் இடத்தில் திரையின் மூலையில் 120 என்று எண் காட்டும். பார்க்க வழுவழுவென்று இருக்கும். ஆனால் மவுஸைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள். நீங்கள் திருப்பியதை கேம் கவனிப்பது 33 மில்லி விநாடிக்கு ஒரு முறைதான். நடுவில் நிரப்ப வேண்டும் என்பதற்காக அடுத்த நிஜ ஃப்ரேமைக் கொஞ்சம் பிடித்து வைக்கவும் வேண்டியிருப்பதால் தாமதம் இன்னும் கூடுகிறது. கை ஒரு பக்கம், காட்சி ஒரு பக்கம் என்று இழுபடும். நிஜ ஃப்ரேம்களே 60, 70 வரும்போது இதே வசதி அருமையாக வேலை செய்யும். 165 ஹெர்ட்ஸ் மானிட்டரை முழுசாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஓடாத கேமை ஓட வைக்க அதால் முடியாது.

அதனால் எந்த விமர்சனத்தைப் பார்த்தாலும் முதலில் தேட வேண்டியது, ஃப்ரேம் ஜெனரேஷன் இல்லாமல் எடுத்த எண். அந்தக் கணக்கில் 5070, அதற்கு ஓராண்டு முன்னால் வந்த 4070 சூப்பரைவிட ஒரு சில சதவீதம்தான் முன்னால் நிற்கிறது. அப்ஸ்கேலிங்கை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்குவது நிஜமாகவே கார்டின் சுமையைக் குறைக்கிறது; கைக்குத் தெரிகிற வேகமும் கூடுகிறது. 1440பியில் குவாலிட்டி அளவில் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4 இரண்டையுமே தயங்காமல் போட்டு விளையாடலாம்.

சராசரி எஃப்பிஎஸ்ஸை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பக்கத்திலேயே '1% லோ' என்று ஒன்று இருக்கும். மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃப்ரேம்களின் கணக்கு அது. சராசரி 90 காட்டுகிற கார்டில் நடுநடுவே ஒரு ஃப்ரேம் 80 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால் சராசரியில் அது தெரியாது, கண்ணுக்குத் தெரியும். சண்டைக்கு நடுவில் காட்சி வெட்டிக்கொண்டு வரும். சராசரி 80, 1% லோ 65 காட்டும் கார்டு, சராசரி 95, லோ 40 காட்டும் கார்டைவிட எவ்வளவோ மேல்.

இந்த வெட்டல் பல நேரம் மெமரி போதாமல் வருவது. உங்கள் விஷயத்தில் நான் அதிகம் கவலைப்படுவதும் இதைப் பற்றித்தான். கார்டின் மெமரி நிரம்பிவிட்டால், மிச்சமுள்ள டெக்ஸ்சர்கள் கம்ப்யூட்டரின் ராமுக்குப் போய்விடும். 5070இன் சொந்த மெமரி விநாடிக்கு 672 ஜிபி கொடுக்கும். ராமிலிருந்து பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 வழியாக வருவது விநாடிக்குச் சுமார் 32 ஜிபி. உங்கள் மதர்போர்டு பி450 என்றால் அதிலும் பாதிதான். சுவரும் முகமும் சில நொடி மங்கலாக நின்று பிறகு தெளிவாவதைப் பார்த்திருப்பீர்களே, உங்கள் 8 ஜிபி கார்டில் நடப்பது இதுதான். சந்தேகம் இருந்தால் இன்று ராத்திரி இந்தியானா ஜோன்ஸில் 'டெக்ஸ்சர் பூல்' அளவை ஒரே ஒரு படி இறக்கிப் பாருங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். திணறல் சட்டென்று நின்றால் மெமரிதான் காரணம்.

அதே கேமில் முழு ரே டிரேசிங்கைப் போட்டு டெக்ஸ்சர் பூலையும் உச்சத்தில் வைத்தால் 1440பியிலேயே 12 ஜிபி திணறுகிறது. இன்றைக்கே இப்படி. ஐந்து வருடம் வைத்திருக்கப்போகிறவருக்கு 12 ஜிபியைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. 5070இன் சிப்பில் குறையில்லை. அந்த விலையில் அந்த மெமரியை வைத்து விற்பதுதான் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

வாங்குவதற்கு முன் வீட்டிலேயே இன்னொரு சோதனை செய்யுங்கள். நீங்கள் விளையாடும் கேமில் காட்சி செட்டிங்குகளை அப்படியே வைத்துக்கொண்டு, ரெசல்யூஷனை மட்டும் 720பிக்கு இறக்குங்கள். ஊருக்குள் கூட்டம் நிறைந்த தெருவில் நடந்துகொண்டே எஃப்பிஎஸ் பாருங்கள். கார்டுக்கு அங்கே வேலை குறைவு. வரும் எண் பெரும்பாலும் உங்கள் ரைசன் 5600 கொடுக்கக்கூடிய உச்சம். அது 85 என்றால், எந்தக் கார்டை மாட்டினாலும் அந்த இடத்தில் 85ஐத் தாண்டாது. விமர்சகர்கள் சந்தையிலேயே வேகமான பிராசசரை மாட்டித்தான் சோதிக்கிறார்கள். அவர்களின் 130 உங்கள் வீட்டில் வராததற்கு அதுவே காரணமாக இருக்கும். கதையுள்ள கேமுக்கு 85 தாராளம். போதவில்லை என்றால் பிறகு அதே போர்டில் ரைசன் 7 5700எக்ஸ்3டி மாதிரி ஒன்று கிடைத்தால் அதற்கு மாறிக்கொள்ளலாம்.

ஈரோட்டுக் கோடையைச் சொல்லாமல் விட முடியாது. விமர்சனங்களில் கார்டு 65 டிகிரியில் ஓடியது என்பார்கள். அது பெரும்பாலும் 20, 25 டிகிரி அறையில் எடுத்தது. உங்கள் அறை 38 டிகிரி என்றால் அந்த வித்தியாசத்தை ஏறக்குறைய அப்படியே கூட்டிக்கொள்ளுங்கள். ஃபேன் சத்தமும் கூடும். 5070 இழுப்பது 250 வாட், 9070 எக்ஸ்டி 304 வாட். இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அந்த அறைக்குள் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. பவர் லிமிட்டைப் பத்து சதவீதம் குறைத்துவிடுங்கள். வேகம் மிகக் கொஞ்சமே குறையும், வெப்பமும் சத்தமும் நன்றாகவே இறங்கும்.

இனி அந்த எட்டாயிரம். ஏஎம்டியின் 9070 எக்ஸ்டி 16 ஜிபி மெமரியோடு, 2025 மார்ச்சில் 599 டாலருக்கு அறிமுகமானது. ரே டிரேசிங் இல்லாத கேம்களில் 5070ஐவிடக் கணிசமாக வேகம். சாதாரண ரே டிரேசிங்கிலும் பின்தங்கவில்லை. இது முக்கியம், ஏனென்றால் இந்தியானா ஜோன்ஸும் டூம்: தி டார்க் ஏஜஸும் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாமல் ஓடவே ஓடாது. பாத் டிரேசிங் எனப்படும் முழு ரே டிரேசிங்கில் மட்டும் என்விடியாவின் கை ஓங்கியிருக்கிறது. சைபர்பங்கில் உங்களுக்கு அந்த ஆசை வரலாம். ஆனால் அதை 1440பியில் அப்ஸ்கேலிங் இல்லாமல் ஓட்டினால் 5070ஏ 60 ஃப்ரேமைத் தொடாது. அதற்காக 12 ஜிபியோடு ஐந்து வருடம் மல்லுக்கட்ட வேண்டாம். ஏஎம்டி பக்கம் ஒரு குறை உண்டு: எஃப்எஸ்ஆர் 4 படத்தின் தரம் டிஎல்எஸ்எஸ்ஸை நெருங்கிவிட்டாலும், அதை ஆதரிக்கும் கேம்கள் குறைவு. உங்கள் பட்டியலில் உள்ள கேம்களில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பிளெண்டர், வீடியோ எடிட்டிங் என்று தொழிலுக்கும் கார்டு தேவைப்பட்டிருந்தால் 16 ஜிபி உள்ள 5070 டிஐ வாங்கச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

9070 எக்ஸ்டிக்கு 750 வாட் பவர் சப்ளை வேண்டும் என்கிறது ஏஎம்டி. 650இல் ஓடிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. நல்ல கார்டை வாங்கிவிட்டு பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்காதீர்கள். கார்டின் நீளம் உங்கள் கேபினெட்டுக்குள் அடங்குமா என்று அளந்துவிட்டுப் போங்கள். பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும்; கார்டில் உள்ளதும் அதுவும் ஒன்றா என்று கடையிலேயே சரிபாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் கோர்கள், ஃப்ரேமை முடித்து எழுதும் ஆர்ஓபி அலகுகள் ஆகியவற்றின் எண்ணிக்கையை நிறுவனம் சொல்லும் அளவோடு ஒப்பிடுங்கள். 2025 பிப்ரவரியில் சில 5070 டிஐ கார்டுகள் 96க்குப் பதில் 88 ஆர்ஓபியோடு வெளியே வந்ததை என்விடியாவே ஒப்புக்கொண்டு, கார்டைத் தயாரித்த நிறுவனத்திடம் மாற்றிக்கொள்ளச் சொன்னது.

எட்டாயிரம் வித்தியாசம் அப்படியே இருக்கிற வரைக்கும் 9070 எக்ஸ்டியையே வாங்குங்கள். கார்டும் பவர் சப்ளையும் சேர்த்துக் கையைக் கடித்தால், அவசரத்துக்கு 5070ஐ எடுக்காமல் இரண்டு மாதம் பொறுங்கள். அதுவரை டெக்ஸ்சரை ஒரு படி இறக்கி 3060 டிஐயிலேயே விளையாடலாம்.