டிஃபரன்ஷியல் லாக்கும் கியர் ஆயிலும்: ஓர் இளம் மெக்கானிக்குக் கடிதம்

கடலூர், சிதம்பரம் வட்டாரப் பட்டறைகளில் தொழில் பழகும் இளம் மெக்கானிக்குக்கு,

லாரியின் பின் அச்சிலுள்ள டிஃபரன்ஷியல், வளைவில் இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடங்கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி. அது இரு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையையே பகிர்வதால், நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்ற வயலில் இறங்கிய லாரியின் ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கத் தொடங்கியதும், கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் இழுவை அற்றுப்போகிறது. அந்நிலையில் இரண்டையும் ஒன்றாகப் பிணைப்பது டிஃபரன்ஷியல் லாக். அதற்கான எண்ணெயைத் தேடுபவர் டப்பாவின் மேலுள்ள எழுத்தைப் படிக்குமுன், ஹவுசிங்குக்குள் பிணைப்பது பல்லா, தட்டா என்று கேட்க வேண்டும்.

டிப்பர்களில் உள்ள லாக் பெரும்பாலும் பல் வகையே: ஓட்டுநர் சுவிட்சை அழுத்தியதும் காற்றழுத்தம் ஒரு ஃபோர்க்கைத் தள்ள, பல் வெட்டிய காலர் நகர்ந்து அச்சுத்தண்டை டிஃபரன்ஷியல் கூட்டோடு கோத்துவிடுகிறது. இங்கே பிடிப்புக்கு உராய்வு தேவையில்லையாதலால், ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் எனப்படும் உராய்வைச் சீராக்கும் சேர்மானத்துக்குக் காசு கொடுப்பது வீண். லிமிடெட் ஸ்லிப் எனப்படும் தட்டு வகையில் மட்டும், அது இல்லாவிட்டால் தட்டுகள் திருப்பங்களில் விட்டுவிட்டுப் பிடித்து அதிரும். சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போதே லாக்கைப் போடும் ஓட்டுநரிடமிருந்து பற்களைக் காக்கும் எண்ணெய் எதுவுமில்லை என்பதையும் அவரிடமே சொல்லிவிடுவது நன்று.

எண்ணெயின் தரத்தை உண்மையில் தீர்மானிப்பவை, எஞ்சினின் சுழற்சியை டிஃபரன்ஷியலுக்குக் கடத்தும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலும் அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனுமே. ஹைப்பாய்டு வகையில் பினியன் கிரவுனின் மையத்திலிருந்து விலகி அமர்வதால் பற்கள் உருள்வதோடு கடுமையாகச் சறுக்கவும் செய்கின்றன. எண்ணெய்ப் படலம் கிழிந்தால் எஃகோடு எஃகு ஒட்டிப் பிய்ந்துபோகும். அதைத் தடுக்க ஜிஎல்-5 எனும் தர வகை எண்ணெயில் மிகுதியாகச் சேர்க்கப்படும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள், சூட்டில் எஃகின் மேற்பரப்போடு வினைபுரிந்து மெல்லிய காப்பை உண்டாக்குகின்றன. கியர்பாக்ஸுக்கு வாங்கிய, இச்சேர்மங்கள் குறைந்த ஜிஎல்-4 மிச்சமிருக்கிறதே என்று அதைக் கிரவுனில் ஊற்றுவது இளம் கைகள் பழகவே கூடாத சிக்கனம்.

டப்பாவின் மேலுள்ள 80டபிள்யூ-90 எனும் தடிமன் குறியீட்டில் முதல் எண் குளிரில் ஓடும் தன்மையைக் குறிக்கிறது. அந்தச் சோதனை -26 டிகிரி செல்சியஸில் நடப்பதால் கடலூரின் மார்கழிக்கு அது பொருட்டல்ல. இரண்டாம் எண் 100 டிகிரியில் உள்ள தடிமன்: 90 என்றால் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்குக்குள், 140 என்றால் 24 முதல் 32.5க்குள். தடித்த எண்ணெயே பலமானது என்ற நம்பிக்கை பட்டறைகளில் வேரூன்றியிருந்தாலும், மிகத் தடித்த எண்ணெய் பற்களால் கடையப்பட்டுத் தானே சூட்டைக் கூட்டுமாதலால், தயாரிப்பாளரின் கையேடு 140ஐச் சொல்லாதவரை 90ஐ விட்டு விலகக் கூடாது.

ஆயினும் 2011 டிசம்பர் 30இல் தானே புயலையும் 2015இல் பெருவெள்ளத்தையும் கண்ட இந்த மாவட்டத்தில், தவறான கிரேடைவிடத் தண்ணீரே பெரிய பகை. ஓடிச் சூடேறிய ஹவுசிங் வெள்ளத்தில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. பிரீதர் எனும் மூச்சுத்துளை சேற்றால் அடைபட்டிருந்தால் அந்த உறிஞ்சல் ஆயில் சீல் வழியே தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் பக்கத்து உவர்நீராக இருந்தால் பேரிங்குகளில் துரு விரைவாக ஏறும். எனவே தண்ணீரில் இறங்கி வந்த வண்டிக்கு முதலில் பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்து, டிரெய்ன் பிளக்கைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். பால் கலந்ததுபோல் வெளுத்து வரும் எண்ணெயை முழுவதும் வடித்து, புதியதை லெவல் துளையின் விளிம்பு வரை நிரப்பி, சில நாள் ஓடியபின் மீண்டும் சோதிக்க வேண்டும். பிளக்கின் காந்தத்தில் நுண்பொடி மட்டும் படிந்திருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் உறுத்தும் சில்லு தென்பட்டால், எந்த எண்ணெயையும் ஊற்றுமுன் ஹவுசிங்கைத் திறந்தாக வேண்டும்.