வீடு யாருடையது? திண்ணை யாருடையது?



இந்த முறை கணினிப் பகுதியை நான் எழுதுகிறேன். கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன என்று முதலில் சொல்லிடறேன்.

மார்கழியில் நாம புள்ளிக் கோலம் போடுறப்ப பக்கத்து வீட்டு அக்கா நின்னு பார்த்தா எத்தனை புள்ளி, எங்கே வளைவு என்று தெரிஞ்சிடும். அவங்க வாசல்ல போடலாம். ரெண்டு புள்ளி கூட்டி மாத்தலாம். மாத்தினதை இன்னொருத்தருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். கட்டற்ற மென்பொருளும் அப்படித்தான். எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம், அதன் மூல நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், நகல் எடுத்துக் கொடுக்கலாம். ஸ்டிக்கர் கோலம் வேற. வாங்கி ஒட்டலாம், அவ்வளவுதான். காசு வாங்காமல் கொடுத்தாலும் அது ஸ்டிக்கர்தான். போனில் இருக்கும் பல செயலிகள் நம்மகிட்ட காசு கேட்பதில்லை. ஆனால் மூல நிரலைக் காட்டுவதும் இல்லை. இவற்றைத் தனியுரிம மென்பொருள் என்பார்கள். இலவசம் வேற, கட்டற்றது வேற. இதை நிறைய பேர் குழப்பிக்கிறாங்க.

இப்போ கேள்விக்கு வர்றேன். கோடை விடுமுறையில் டவுனில் கட்டற்ற மென்பொருள் வகுப்பு ஒன்று இரண்டு நாள் நடந்தது. அதன் அறிவிப்பு ஒரு தனியுரிமச் செயலியின் குழுவில் மட்டும் வந்தது. என் தோழி வீட்டில் பட்டன் போன்தான். எங்க அம்மா போனில் பார்த்து நான் போனேன். அவளுக்கும் தெரியும் என்று நினைச்சுட்டேன். தெரியலை. என்னை விடக் கணினி மேல் ஆசை உள்ளவள் அவள்தான். வகுப்பு முடிஞ்சு நான் வந்து சொன்னப்ப அவ ஒண்ணுமே பேசலை. கட்டற்றதைச் சொல்லித் தர்றவங்க கட்டுள்ள செயலி வழியாகக் கூப்பிடலாமா?

கூடாது என்று உடனே சொல்லத் தோணும். ஆனா யோசிச்சுப் பாருங்க. நம்ம பள்ளிக் கணினியில் பாட்டுக் கேட்கிறோமே வி.எல்.சி., அது கட்டற்ற மென்பொருள். 1996இல் பாரிஸ் நகருக்கு அருகே கல்லூரி மாணவர்கள் ஆரம்பித்தது. நம்ம கணினியில் ஓடும் விண்டோஸ் தனியுரிமம். அதில் ஓடாத மாதிரி வி.எல்.சி.யைச் செய்திருந்தால் நாம் அதன் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டோம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். அவரே ஆரம்பத்தில் யூனிக்ஸ் என்ற தனியுரிம அமைப்பில் வைத்துத்தான் குனு நிரல்களை எழுதினார். அதற்கு மாற்றுச் செய்யத்தானே அதைப் பயன்படுத்தினேன் என்பது அவர் வாதம். ஆனால் மற்றவர்களைக் கூப்பிடும் விஷயத்தில் அவர் கண்டிப்பு. தன் பேச்சைக் கேட்க வருபவர் தனியுரிம மென்பொருளை ஓட்டித்தான் கேட்க வேண்டும் என்ற நிலை வரக்கூடாது என்பார்.

அது ரொம்பக் கண்டிப்பு என்று நானும் நினைச்சேன். லினக்ஸ் கதை தெரிஞ்சதும் யோசனை வந்தது. லினக்ஸை லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் பின்லாந்தில் மாணவராக இருந்தபோது ஆரம்பித்தார். ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அதுதான் இருக்கு. உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதுவதால், யார் எதை எப்போ மாற்றினார்கள் என்று கணக்கு வைக்க ஒரு கருவி வேண்டும். 2002இல் பிட்கீப்பர் என்ற தனியுரிமக் கருவியை எடுத்தார்கள். காசு இல்லை, ஆனால் நிபந்தனை உண்டு. அதைப் போலப் போட்டிக் கருவி செய்பவர்கள் அந்த இலவசப் பிரதியைப் பயன்படுத்தக் கூடாது. ஸ்டால்மன் வேண்டாம் என்றார். லினஸ் கேட்கலை, வேலை வேகமா நடக்குதே என்றார். பிறகு ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பவர் அந்தக் கருவியோடு பேசக்கூடிய ஒரு கட்டற்ற நிரலை எழுதினார். அந்த நிறுவனத்துக்குப் பிடிக்கலை. 2005 ஏப்ரலில் இலவசப் பிரதி கிடையாது என்று அறிவித்துவிட்டது. மூணு வருஷம் பழகின கருவி!

லினஸ் அந்த மாதமே உட்கார்ந்து கிட் என்ற கட்டற்ற கருவியை எழுத ஆரம்பித்தார். சில நாட்களிலேயே அது ஓடியது. அவர் லினஸ் என்பதால் முடிஞ்சது. நமக்கு அப்படி நடந்தால் நாம் என்ன செய்வோம்?

இதில் வேடிக்கை என்னன்னா, கட்டற்ற கிட்டை வைத்து எழுதுபவர்களில் பலர் தங்கள் நிரலை கிட்ஹப் என்ற தளத்தில் வைக்கிறார்கள். அந்தத் தளம் தனியுரிமம். 2018இல் மைக்ரோசாஃப்ட் அதை 750 கோடி டாலருக்கு வாங்கியது. லினக்ஸும் அங்கே இருக்கு. ஆனால் அங்கே இருப்பது நகல். அசல் இருப்பது அவர்களுடைய சொந்தத் தளமான கெர்னல் டாட் ஆர்க்கில். திருத்தம் அனுப்புகிறவர்களும் அங்கே அனுப்புவதில்லை, மின்னஞ்சலில்தான் அனுப்புகிறார்கள். 2011இல் சொந்தத் தளத்துக்குள் யாரோ திருட்டுத்தனமாகப் புகுந்து அது மூடிக் கிடந்தபோது, லினஸ் கொஞ்ச நாள் கிட்ஹப்பில் வைத்துத்தான் சமாளித்தார். அதையும் சொல்லத்தான் வேணும்.

எனக்கு இந்த வழிதான் பிடிச்சிருக்கு. அடுத்தவங்க திண்ணையில் உட்கார்ந்து நாலு பேரைக் கூப்பிடலாம், கூட்டம் அங்கேதானே இருக்கு. ஆனால் வீடு நம்முடையதா இருக்கணும், திண்ணைப் பக்கம் வராதவங்களும் நேரா வீட்டுக்கு வர வழி இருக்கணும். வகுப்பு நடத்தினவங்க மேல் எனக்குக் கோபம் செயலியில் போட்டதுக்காக இல்லை. அங்கே மட்டும் போட்டதுக்காக.

வகுப்பு எடுத்த அண்ணனிடம் போனில் இதைக் கேட்டேன். "ஆமாம்மா, எங்களுக்குத் தோணவே இல்லை" என்றார். டிசம்பர் விடுமுறையில் அடுத்த வகுப்பாம். அறிவிப்பை ஒரு தாளில் எழுதித் தர்றேன், நம்ம ஊர் நூலகத்திலும் பஸ் ஸ்டாப்பிலும் ஒட்டச் சொன்னார். ரெண்டாவது தாளை என் தோழியே எழுதுகிறாள், அவள் கையெழுத்து என்னுடையதை விட அழகு.