தக்காளியின் அடி கருப்பதற்கு மருந்து வேண்டாம். சீரான நீர் வேண்டும்

தக்காளிச் செடி நன்கு தழைத்திருக்கும். பூவும் பிஞ்சும் நிறைந்திருக்கும். ஆனால், காய் எலுமிச்சை அளவுக்கு வந்ததும் அதன் அடிப்பகுதி கருத்து, குழிந்து, தோல் போலாகிவிடும். இத்தகைய காய்களை அண்மையில் ஒரு விவசாயி என்னிடம் கொண்டுவந்தார். பூசண நோய் என்று யாரோ கூறியதை நம்பி மூன்று முறை மருந்து தெளித்திருந்தார். பணம் செலவானதே தவிர, அழுகல் நிற்கவில்லை. இது பூசணத்தால் வருவதன்று.

காரணம் என்ன?

காய்க்குப் போதிய சுண்ணாம்புச் சத்து சேராததே காரணம். மண்ணில் அச்சத்து இல்லை என்பது இதன் பொருளல்ல. சுண்ணாம்பு மிகுந்த நிலத்திலும் இக்கோளாறு தோன்றும். வேர் உறிஞ்சும் நீரோடு கலந்துதான் சுண்ணாம்புச் சத்து மேலே செல்கிறது. நீரை அதிகம் ஆவியாக்கும் இலைகளுக்கே பெரும்பங்கு போய்விடும். காய்க்குக் கிடைப்பது சொற்பம். காம்புக்கு எதிர்ப்புறமுள்ள அடிப்பகுதிக்கு அதைவிடச் சொற்பம். இலைக்குச் சென்ற சத்து காய்க்குத் திரும்பி வராது. எனவே, பிஞ்சு பருக்கும் நாட்களில் நிலம் காய்ந்தால் பாதிப்பு உண்டாகும். நீர் தேங்கினாலும் வேர் மூச்சுத் திணறி, சத்தை எடுக்க இயலாமல் போகும்.

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் நல்லது. காய்க்கும் தக்காளிக்கு அது ஆகாது. காய்ந்த நிலத்தில் திடீரென நிறைய நீர் பாய்ச்சினால் பழம் வெடிக்கவும் செய்யும்.

யூரியாவை அளவுக்கு மீறி இடுவதும் தவறு. தழை மிகுந்து, நீரையும் சத்தையும் இலைகளே இழுத்துக்கொள்ளும்.

அடையாளம் காண்பது எப்படி?

கருப்பு எப்போதும் காயின் அடியில்தான் தொடங்கும். இலை, தண்டுகளில் புள்ளி இராது. ஒரு காயிலிருந்து மற்றொரு காய்க்குப் பரவாது. இலைகளிலும் புள்ளி இருந்தாலோ, மண்ணில் படும் காய்கள் மட்டும் அழுகினாலோ அது வேறு நோய். அப்போது வேளாண்மை அலுவலரிடம் காட்டி ஆலோசனை பெறவும்.

செய்ய வேண்டியவை

1. நடவுக்கு முன் நிலத்தை மேடு பள்ளமின்றிச் சமன் செய்யவும். ஏக்கருக்கு 10 டன் மக்கிய தொழு உரம் இடவும். இது ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

2. பூத்தது முதல், அரையடி ஆழத்து மண்ணை எடுத்துக் கையில் பிடித்துப் பார்க்கவும். உருண்டையாக நின்றால் ஈரம் உண்டு. உதிர்ந்தால் உடனே நீர் பாய்ச்சவும். செம்மண் நிலம் விரைவில் காயும், கரிசல் தாங்கும்.

3. தலைமடையில் நீர் தேங்கி, கடைமடை காயாதபடி சால்களை நீளம் குறைத்து அமைக்கவும்.

4. மண் பரிசோதனைப்படி உரமிடவும். தழைச்சத்து மேலுரத்தைப் பிரித்து இடுவது நல்லது.

5. காய்க்கும் பருவத்தில் செடியருகே ஆழமாகக் கொத்தவேண்டாம், வேர் அறுபடும். வைக்கோல் அல்லது கரும்புச் சோகையால் மண்ணை மூடவும்.

6. கருத்த காய்களைப் பறித்துவிடவும். அவை தேறமாட்டா.

கால்சியம் குளோரைடை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, இளம் பிஞ்சுகள் நனையும்படி மாலையில் தெளிக்கலாம். ஆனால், நீர் சீராகாமல் இது மட்டும் பலன் தராது.

மேலே சொன்ன விவசாயி, கிணற்றில் நீர் குறைவு என்பதால் பத்து நாட்களுக்கு ஒருமுறை சால் நிரம்பப் பாய்ச்சி வந்தார். அதே நீரைப் பாதியாக்கி, ஐந்து நாட்களுக்கு ஒருமுறை பாய்ச்சுமாறு கூறினேன். முன்பே கருத்த காய்கள் போயின. அதன்பின் பிடித்த பிஞ்சுகள் பெரும்பாலும் நல்ல பழங்களாயின. கூடுதல் நீரும் தேவைப்படவில்லை. கூடுதல் மருந்தும் தேவைப்படவில்லை. மருந்து தெளிக்குமுன் மண்ணின் ஈரத்தைப் பார்த்தால் விவசாயிகள் வீண் செலவைத் தவிர்க்கலாம்.