ரீலைக் கடைசியில் வாங்கு

அன்புள்ள மருமகனுக்கு,

முதல் சம்பளத்தில் தூண்டில் வாங்கப் போகிறாய் என்று அக்கா சொன்னாள். நீ போனில் அனுப்பிய படத்தையும் பார்த்தேன். தங்க நிறத்தில் மின்னும் 6000 அளவு ரீல். இன்னும் பணம் கட்டவில்லை என்றால், இதைப் படித்துவிட்டுக் கட்டு.

எந்த மீனுக்கு? அதை மட்டும் நீ சொல்லவேயில்லை. முட்டுக்காடு உனக்குப் பக்கம் என்பதால் கொடுவாவுக்கு என்று வைத்துக்கொள்கிறேன். அது கல், பாலத் தூண் ஓரங்களில் பதுங்கியிருந்து, அருகே வரும் இரையை வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சிவிடும். அதற்குக் காட்ட வேண்டியது விரல் நீளப் பொய்மீன். உங்கள் ஆட்கள் லூர் என்கிறார்களே, அதுதான். 15 முதல் 25 கிராம் இருக்கும். இந்த எடையைப் பிடித்துக்கொண்டுதான் மற்றதையெல்லாம் வாங்க வேண்டும்.

தூண்டில் கோலில் கைப்பிடிக்குச் சற்று மேலே பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்: நீளம், அதற்கு ஏற்ற நரம்பு, வீசக்கூடிய எடை. கடைக்காரர் என்ன சொன்னாலும் நீ அதைப் படி. 10–30 கிராம் என்றிருந்தால், 20 கிராம் லூர் கோலை வளைக்கும். வளைந்தது நிமிரும் விசையில் லூர் பறக்கும். 50–100 கிராம் கோலில் அதையே கட்டி வீசினால் கோல் அசைந்துகொடுக்காது, உன் தோள்தான் வலிக்கும். ஏழடியோ எட்டடியோ போதும். மெரினாவில் அலை தாண்டி வீசுகிறவர்களின் நீளக் கோலைப் பார்த்து ஆசைப்படாதே. அவர்கள் வேலை வேறு.

நரம்புக்கு வருகிறேன். 20 பவுண்டு நைலான் நரம்பு சுமார் 0.40 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அதே பலமுள்ள பிரெய்டு, அதாவது பின்னல் நரம்பு, அதில் பாதிதான். மெல்லியது என்பதால் தூரம் போகும். இழுபடாது என்பதால் மீன் தொட்டால் விரலுக்குத் தெரியும். ஆனால் ரீலின் ஸ்பூலில் நேராகச் சுற்றினால் வழுக்கும். அடியில் கொஞ்சம் நைலான் சுற்றிவிட்டு மேலே பிரெய்டு போடு.

நுனியில் இரண்டு, மூன்றடிக்கு 40 பவுண்டு ஃப்ளோரோகார்பன் நரம்பை முடிந்துகொள். இதில் மட்டும் சோம்பல் படாதே. நான் ஒருமுறை அது இல்லாமலே வீசினேன். கொடுவா தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறியது, நரம்பு தொய்ந்துவிட்டது. சுற்றி எடுத்துப் பார்த்தால் பிளேடால் நறுக்கியது போல வெட்டு. அதன் செவுள் மூடி அவ்வளவு கூர்மை. (பிடித்தால் அங்கே கை வைக்காதே.) போனது என் ஆசை லூர், அந்த மாதக் கடைசியில் இன்னொன்று வாங்க வழியில்லை.

இவ்வளவுக்கும் பிறகு ரீல். இந்தக் கோலுக்கு 3000 அல்லது 4000. 6000 மாட்டினால் கைப்பிடிப் பக்கமே கனத்து, ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு கெஞ்சும். பெட்டியில் ‘15 கிலோ டிராக்’ என்று பெருமையாகப் போட்டிருப்பான். மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடிதான் டிராக். உன் 20 பவுண்டு நரம்பு தாங்குவதே ஒன்பது கிலோ. டிராக்கை அதில் நாலில் ஒரு பங்குக்கு வைக்க வேண்டும். கொக்கித் தராசில் நரம்பைக் கட்டி இழு, இரண்டு கிலோவைத் தாண்டும்போது ஸ்பூல் கொடுக்கத் தொடங்கினால் சரி. மிச்சப் பதின்மூன்று கிலோவை வைத்து என்ன செய்வாய்? எவ்வளவு இறுக்கலாம் என்பதைவிட, திக்காமல் வழுக்கிக் கொடுக்கிறதா என்று பார். உப்புத் தண்ணீரில் வீசிவிட்டு வந்தால் அன்றைக்கே ரீலை நல்ல தண்ணீரில் அலசு. காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வை.

பெரிய கொடுவா கிடைத்தால் விட்டுவிடு. கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன். பெரியது பெரும்பாலும் முட்டையிடும் தாய்.

ஞாயிறு விடியலில் ஏற்றத் தண்ணீர் இருந்தால் சொல்கிறேன். கோலும் நரம்பும் மட்டும் வாங்கிக்கொண்டு வா. என் பழைய 4000 ரீல் பரண்மேல் சும்மாதான் கிடக்கிறது.

உன்
மாமா